கணக்கில் வராத மக்கள்

2009இன் தொடக்கத்தில் வன்னிப் போர்ப் பகுதியில் அகப்பட்டிருந்தோர் ஏறத்தாழ 70,000 பேரே என்றது அரசு. கொழும்புப் பத்திரிகைகள் பல அதை அப்படியே அச்சிட்டன. கச்சேரிக் கணக்கோ மிகக் கூடுதலாக இருந்தது. போர் முடிந்தபோது முகாம்களில் இருந்தோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர்!

ஆட்கணக்கைப் பார்த்தே அரிசி மூடையும் மருந்தும் அனுப்பப்படும். விதைநெல்லை அளந்து வைக்கும் உங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மக்கள் தொகை வேண்டுமென்றே குறைத்துக் கூறப்பட்டதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் அறிக்கையிட்டது.

செய்தியாளர்கள் அங்கு சுதந்திரமாகச் செல்ல முடியவில்லை. அச்சமும் இருந்தது, அவ்வாண்டு ஜனவரி 8இல் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். ஆயினும், கச்சேரிக் கணக்கையும் பக்கத்தில் போட்டிருக்கலாமே? நமது தமிழ்ப் பத்திரிகைகளும் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்ததைப் பெரும்பாலும் எழுதவில்லை.

2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டது. மீள்குடியேற்றம் முடிந்ததென அறிவித்தார்கள். கேப்பாப்புலவு மக்களோ சொந்தக் காணிக்கன்றிச் சீனியாமோட்டைக்கே கொண்டு செல்லப்பட்டனர்.

ஆகவே குடும்ப விபரம், வயலின் பெயர், ஏக்கர், உறுதி அல்லது பெர்மிட் இலக்கம் ஆகியவற்றை நீங்களே கொப்பியில் எழுதி வையுங்கள். செய்தியாளர் வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.