கன்றுக்கு ஏழு ரூபாய், கைக்கு?

மரம் வளர்த்தால் அரசு காசு தருகிறது. யாருக்கு?

தமிழ்நாட்டில் 2021-22ல் 'நீடித்த நிலையான பசுமைப் போர்வைக்கான இயக்கம்' வந்தது. தேக்கு, வேங்கை, மகாகனி எல்லாம் இலவசம். வரப்பு ஓரமென்றால் ஏக்கருக்கு 50 கன்று, தோப்பாக நட்டால் 160. பிழைத்து நிற்கிற கன்று ஒன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று விதி வகுத்தார்கள். நல்ல திட்டம்தான், நிலம் இருப்பவனுக்கு.

நமக்கு வரப்பு ஏது? இந்திய மக்கள்தொகையில் நாம் 16 விழுக்காட்டுக்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நம் கையில் இருக்கிற சாகுபடி நிலம் 9 விழுக்காடுகூட இல்லை. 1892ல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலம் போன இடம் ஊருக்கே தெரியும். அதை வளைத்தவன் தோப்பு வைத்தாலும் அவனும் மரம் காக்கும் உழவன்தான்.

குழி வெட்டியது யார்? கோடையில் குடம் சுமந்து ஊற்றியது யார்? ஆடு கடிக்காமல் முள் வெட்டி அடைத்தது யார்? மூணும் சேரிப் பெண்கள்தான். ஏட்டில் அவர்களுக்குப் பேர் கூலி. வரப்பில் கால் வைக்காதவருக்குப் பேர் பசுமை ஆர்வலர். (பொன்னாடை வேறு.) அந்தக் கூலியாவது நிலைக்குமா? நெல்லோ கடலையோ என்றால் நடவு, களை, அறுப்பு என்று கூப்பிட்டு விடுவார்கள். தேக்கு நிழல் விழுந்த நிலத்தில் களையெடுக்க என்ன இருக்கு? 1980களில் கர்நாடகத்துக் கோலாரில் ராகி விளைந்த நிலத்தில் தைலமரம் ஏறி, கூலிக்காரர் வேலை போனது. அந்தக் கன்றையும் சமூகக் காடுகள் என்று சொல்லி அரசுதான் கொடுத்தது.

பட்டா இல்லாமல் காட்டில் வாழ்ந்தவனுக்கு என்ன கிடைத்தது? மாஞ்சோலையைப் பாருங்கள். 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை வைத்த லாபம் கம்பெனிக்கு. தோட்டத் தொழிலாளருக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் 1999 ஜூலை 23ல் தாமிரபரணியில் பிணமானார்கள். 2024ல் தோட்டத்தை மூடி, புலிக் காப்பகம் என்று சொல்லி, நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்களை மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள். நிலக்காரன் மரம் வைத்தால் ஊக்கத்தொகை, நம்ம ஆள் மரத்தடியில் இருந்தால் வெளியேற்றம்!

காடு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காடு போனால் முதலில் அணைவது நம் தெரு அடுப்பு. ஊக்கத்தொகையில் பாதியைத் தண்ணீர் ஊற்றிய கைக்குக் கொடு என்கிறோம். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு, வேங்கையை நாங்களே வைக்கிறோம். புறம்போக்கு மரங்களின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று வருவாய்த்துறையிலேயே இருக்கிறது. அதைச் சேரிப் பெண்கள் பேரில் ஊர் ஊராகக் கொடு.

தாலுகா ஆபீசுக்கு மனுவோடு போகிற தோழர்கள் உங்கள் ஊர் 2சி கணக்கையும் கேளுங்கள். புளியமரம் யார் யார் பேரில் இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.