இரண்டு இரவுப் பயணம்

சிகாகோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு வானூர்தி ஐந்து மணி நேரத்திற்குள் சென்றுவிடும். 'கலிபோர்னியா செஃபிர்' என்னும் தொடர்வண்டியோ அதற்கு அருகிலுள்ள எமரிவில் நகரை அடைய இரண்டு இரவுகளை எடுத்துக்கொள்கிறது. தொலைவு ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். தில்லியிலிருந்து சென்னைக்குள்ள பாதையைப்போல் இரு மடங்கிற்குச் சற்றே குறைவு.

இத்தகைய வண்டிகள் இழப்பில் ஓடுவதால் அவற்றை நிறுத்திவிடலாம் என்பார் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. வானூர்தியில் ஏறாத ஆமிஷ் மக்களுக்கும், பறக்க இயலாத முதியோருக்கும், வழியிலுள்ள சிற்றூர்களுக்கும் இவ்வண்டி பெருந்துணை. உணவுப் பெட்டியில், தனியே வருவோர் முன்பின் அறியாதவருடன் ஒரே மேசையில் அமர்த்தப்படுகின்றனர். நம் வண்டிகளில் கட்டுச்சோற்றைப் பிரித்ததும் பேச்சுத் தொடங்குமே, அதுபோலத்தான். டென்வரைக் கடந்து, 10 கிலோமீட்டர் நீளமுள்ள மோஃபட் சுரங்கப்பாதையைத் தாண்டியபின், கொலராடோ ஆறு நெடுநேரம் உடன் வருகிறது. அப்போது காட்சிப் பெட்டியில் இடம் கிடைப்பது அரிது!

தாமதம் பெருங்குறையே. பாதையின் பெரும்பகுதி சரக்கு வண்டி நிறுவனங்களுக்கு உரியது. பயணியர் வண்டிக்கு முன்னுரிமை வேண்டும் என்னும் சட்டம் 1973-இலேயே இயற்றப்பட்டது. எனினும், நீண்ட சரக்கு வண்டி செல்லும்வரை பயணியர் பக்கப்பாதையில் காத்திருப்பது இன்றும் உண்டு. அச்சட்டத்தை முறையாக நடைமுறைப்படுத்திப் பார்த்த பின்னரே, வண்டியை நிறுத்துவது பற்றிப் பேசுதல் வேண்டும்.