கம்மியா ஓடின கார் ஆரோக்கியமான கார் கிடையாது

1/ ரெனோ 5 ஜிடி டர்போவா, ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் டர்போவா? 80களின் குட்டி டர்போ கார்களைச் சேகரிக்கிறவங்க நடுவுல ஓயாத சண்டை. என் ஓட்டு ரெனோவுக்கு. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதல்ல எஸ்கார்ட். 1.6 லிட்டர், 132 குதிரைத்திறன், பாஷ் இன்ஜெக்‌ஷன், இன்டர்கூலர். குரூப் ஏ பந்தய விதிக்காக 5,000 கார் செய்ய வேண்டியிருந்ததால பிறந்தது முதல் சீரிஸ். கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை. நல்ல கார்தான், மறுக்கல.

3/ ஆனா விலை? இளவரசி டயானா ஓட்டிய கருப்பு எஸ்கார்ட் 2022 ஆகஸ்ட் ஏலத்துல 6.5 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. அந்தப் பணம் டயானாவுக்குக் கொடுத்தது, காருக்கு இல்ல. அதைக் காட்டி உங்ககிட்ட ஒரு சாதாரண வெள்ளை எஸ்கார்டுக்கு விலை ஏத்தினா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

4/ இப்போ ரெனோ. வெறும் 1,397 சிசி. இன்ஜினோட பூர்வீகம் 1962. இன்ஜெக்‌ஷன் கிடையாது, ஒரே ஒரு கார்புரேட்டர். 1985ல வந்தப்போ 115 குதிரைத்திறன்தான். ஆனா எடை சுமார் 850 கிலோ! எஸ்கார்ட் ஒரு டன்னை ஒட்டி வரும். வளைவுல திருப்பும்போது தெரியும் அந்த வித்தியாசம்.

5/ குறை இல்லையா? இருக்கு. சூடான இன்ஜினை நிறுத்திட்டு உடனே சாவி போட்டா முரண்டு பிடிக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் ஆவியாகிடும். பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னாடி துரு ஒளிஞ்சிருக்கும். தகடு மெலிசு, ஏர்பேக் கிடையாது. மருத்துவரா சொல்றேன், இதுல வேகத்தை நிரூபிக்கப் போகாதீங்க.

6/ ரெண்டு காரையும் கொல்றது ஒரே ஆள்: "ஓட்டவே இல்ல சார், ஷெட்லயே இருக்கு"ன்னு பெருமைப்படுற ஓனர். மாவுக்கட்டு போட்ட காலை ஆறு வாரம் கழிச்சுப் பிரிச்சுப் பாருங்க, தசை சூம்பிப் போயிருக்கும். காரும் அப்படித்தான். சீல் காயும், டேங்க் துருப்பிடிக்கும், பிரேக் இறுகும்.

7/ எஸ்கார்ட்ல இன்னொரு வம்பு. அதோட டைமிங் பெல்ட் ரப்பர். நின்ன இடத்துலயே வயசாகும், ஒருநாள் அறுந்து வால்வையும் காலி பண்ணும். ரெனோவுல செயின். அதான் சொல்றேன், மைல் மீட்டரைப் பார்த்து காசு கொடுக்காதீங்க.

8/ எதைப் பார்க்கணும்? சர்வீஸ் ரசீது. எந்த வருஷம் எந்த பார்ட் மாத்தினாங்கன்னு வரிசையா இருக்கணும். டர்போ அழுத்தத்தை யாராவது ஏத்தி வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. தரைக்குக் கீழ படுத்துப் பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.

9/ வாங்கினப்புறம்? ஓட்டுங்க. வேகமா ஓட்டி வந்தா, நிறுத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடுங்க. இல்லன்னா டர்போவுல நிக்கிற எண்ணெய் கருகி பேரிங்கைத் தின்னுடும்.

10/ முதலீடுன்னா தங்கம் வாங்குங்க, நகராம இருந்தாலும் கெட்டுப்போகாது. கார் வேணும்னா ரசீதோட ஓடின ஒரு ரெனோவைத் தேடுங்க. எஸ்கார்ட் ரசிகர்கள் கமெண்ட்ல திட்டலாம். ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க பெல்ட் எந்த வருஷத்துதுன்னு பார்த்துட்டு வாங்க.