காரைப் போலீஸ் அணைத்துவிடுமா?

எங்கள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தச் செய்தி வந்துவிடும். "புதுக் கார் வாங்குறவங்க உஷார்! இனிமே எல்லா வண்டியிலயும் கில் சுவிட்ச் வரப்போகுது. கவர்மென்ட் நெனச்சா நடுரோட்ல உங்க வண்டிய நிறுத்திடும்." கீழே வரிசையாகக் கோப முகங்கள். அனுப்புகிறவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். மிச்சிகனில் பல ஆண்டுகளாக அவர்களோடு ஒரே நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவன் நான். அதனால்தான் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2021 நவம்பர் 15 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட உள்கட்டமைப்புச் சட்டத்தில் 24220 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓட்டுநர் நிதானத்தில் இல்லை என்பதையோ, அவர் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டிவிட்டது என்பதையோ வண்டி தானாகவே கண்டறிய வேண்டும். கண்டறிந்தால் வண்டி ஓடுவதைத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ வேண்டும். புதுக் கார்களில் இதைக் கட்டாயமாக்கும் விதியைச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மூன்று ஆண்டுகளுக்குள் எழுத வேண்டும். விஷயம் இவ்வளவுதான். 'கில் சுவிட்ச்' என்ற சொல் அதில் கிடையாது. வெளியிலிருந்து யாரும் வண்டியை அணைக்கலாம் என்று ஒரு வரியும் கிடையாது.

'கில் சுவிட்ச்' என்ற பெயரைப் பரப்பியதில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன்னாள் உறுப்பினர் பாப் பார் எழுதிய ஒரு பத்திக்குப் பெரிய பங்கு உண்டு. 2023 நவம்பரில் இந்த விதிக்குப் பணமே ஒதுக்கக் கூடாது என்று காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் மாஸி பிரதிநிதிகள் சபையில் திருத்தம் கொண்டுவந்தார். 201 பேர் ஆதரித்தார்கள், 229 பேர் எதிர்த்தார்கள், திருத்தம் தோற்றது. ஆனால் பெயர் தோற்கவில்லை. வண்டிக்குள்ளேயே அளந்து வண்டிக்குள்ளேயே முடிவெடுக்கும் ஒரு கருவியை, எங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கைப் பொத்தானாக அது மாற்றிவிட்டது.

இதில் எதிர்ப்பாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கருவி சேகரிக்கும் தகவல் யாருக்குச் சொந்தம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. அந்த அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. ஓட்டுநர்களின் பழக்கவழக்கத் தகவல்களை விற்றதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் மீது கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. ஆனால் அந்த வண்டிகளில் ஆல்கஹால் கருவி ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் கார் நம்மை வேவு பார்ப்பது எப்போதோ தொடங்கிவிட்டது. அதைத் தடுக்க வேண்டுமானால் 'அளவு வண்டியை விட்டு வெளியே போகக் கூடாது' என்று விதியிலேயே எழுதச் சொல்லிக் கேட்போம். உயிரைக் காக்கும் ஒரே கருவியை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, வேவு பார்க்கும் மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது என்ன கணக்கு?

அடுத்தது, "தினமும் காலையில் குழாயில் ஊத வேண்டுமா?" என்ற கேள்வி. வேண்டாம். ஓட்டுநர் எதுவும் செய்யாமலே கண்டறிய வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நிபந்தனை. நம்மூரில் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டி ஊதச் சொல்வாரே, அது வேறு. 2008 முதல் நடந்துவரும் ஆராய்ச்சியில் இரண்டு வழிகளைச் சோதிக்கிறார்கள். ஒன்று, ஓட்டுநர் சாதாரணமாக விடும் மூச்சில் கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் அகச்சிவப்புக் கதிரால் அளப்பது. மற்றொன்று, பொத்தானைத் தொடும் விரலின் தோல் வழியே ஒளியைச் செலுத்தி அளப்பது.

"கருவி தப்பாகச் சொன்னால்?" என்பதுதான் இருப்பதிலேயே கனமான கேள்வி. அமெரிக்காவில் ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி கார்ப் பயணங்கள். கருவி 99.9 சதவீதம் சரியாகச் சொன்னாலும் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பிழை. பிரசவ வலியோடு இருக்கும் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவரைக் கார் மறித்தால் என்ன ஆவது? இதைக் கேட்பவரை நான் மதிக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர். நீதிமன்றம் அவர் காரில் பழைய வகைப் பூட்டுக் கருவியை மாட்டச் சொன்னது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அவர் காரில்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் சுருள் கம்பியில் தொங்கும், கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. அதில் ஊதிக்கொண்டே 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். சில நொடிகள் காத்திருந்தால் பச்சை விளக்கு வரும், அதன்பிறகுதான் எஞ்சின் உறுமும். பின்சீட்டில் பள்ளிக்குப் போகிற அவருடைய சின்ன மகள், பச்சை வரும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை சிவப்பு விழுந்தது. எனக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் பதறவில்லை. "மவுத்வாஷ் போட்டுட்டு அப்படியே வந்துட்டேன்" என்றார். தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து மறுபடி ஊதினார். பச்சை. வாயில் தங்கிய ஆல்கஹால் சீக்கிரம் போய்விடும், ரத்தத்தில் கலந்தது போகாது. இரண்டாவது வாய்ப்புத் தருவதே பிழைக்கு முதல் மருந்து என்று அன்று புரிந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சாலையில் கொல்கிறவர்கள் பெரும்பாலும் 0.08-ஐத் தொட்டும் தொடாமலும் இருப்பவர்கள் அல்லர். மது தொடர்பான உயிர்பலி விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில், ஓட்டுநர் ஒருவராவது 0.15-ஐயோ அதற்கு மேலோ எட்டியிருக்கிறார். 2019 ஜனவரியில் கென்டக்கியில், மிச்சிகனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மீது எதிர்த்திசையில் வந்த வண்டி மோதித் தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரும் இறந்தார்கள். இந்தச் சட்டப் பிரிவு பிறக்கக் காரணமான விபத்து அது. மோதியவரின் அளவு 0.30-ஐத் தாண்டியிருந்தது, வரம்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. 0.079-ஐயும் 0.081-ஐயும் பிரித்தறிவது கடினம்தான். 0.30-ஐக் கண்டுபிடிக்க அத்தனை நுட்பம் தேவையில்லை. எல்லையோரத்தில் எச்சரிக்கை, வேகக் கட்டுப்பாடு. எல்லையை வெகுதூரம் தாண்டியவருக்கு மட்டும் முழுத் தடை. சட்டத்திலுள்ள 'மட்டுப்படுத்தவோ' என்ற சொல் இப்படி விதி எழுத இடம் தருகிறது.

"மக்கள் ஏற்க மாட்டார்கள்" என்பவர்கள் 1974-ஐ எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஆண்டு மாடல் கார்களில் சீட் பெல்ட் மாட்டினால்தான் எஞ்சின் கிளம்பும். பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தால்கூட ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி மறுத்துவிடும். மக்கள் கொதித்துப்போனார்கள், அதே ஆண்டு காங்கிரஸ் அந்த விதியை நீக்கியது. உண்மைதான். மளிகைப் பையை மனிதனாக நினைக்கும் கருவி தோற்றதில் வியப்பில்லை. ஆனால் பெல்ட் தோற்கவில்லையே. 1980-களின் தொடக்கத்தில் பெல்ட் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர், இன்று 90-க்கும் மேல். இந்தக் கருவியைப் பற்றி மக்களிடமே கேட்டிருக்கிறார்கள். 2023-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எல்லாப் புதுக் கார்களிலும் இது வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் உரக்கக் கேட்பது மீதி ஒரு பங்கின் குரல்.

கடைசியாக, எனக்கு நெருங்கியவர்களே சொல்வது: "நான் குடிக்கிறதே இல்ல. குடிச்சுட்டு மாட்டுனவன் வண்டியில மாட்டுங்க, என் வண்டியில எதுக்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டி உயிர்பலி விபத்தில் சிக்கும் ஓட்டுநர்களில் முந்தைய ஐந்தாண்டுகளில் அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்களின் பதிவேட்டில் அந்த ஐந்தாண்டுகளில் இந்தக் கறை இல்லை. பிடிபட்டவருக்கு மட்டும் பூட்டு என்றால், முதல் முறையே கொன்றுவிடுகிறவரை எது தடுக்கும்? குடிக்காத நான் என் வண்டிக்காக இதைக் கேட்கவில்லை. இரவு பதினோரு மணிக்கு எனக்கு எதிரே வருகிறவர் வண்டியில் அது இருக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

விதி எழுதக் கொடுத்த கெடு 2024 நவம்பரில் முடிந்தது. விதி வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் மது தொடர்பான விபத்துகளில் இந்த நாட்டில் இறந்தவர்கள் 12,429 பேர். இத்தகைய கருவி ஆண்டுக்கு 9,400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காக்க முடியும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அடுத்த முறை குழுவில் அந்தச் செய்தி வரும்போது, 24220-ஆம் பிரிவை முழுதாக ஒட்டி, கீழே இந்த இரண்டு எண்களையும் எழுதப்போகிறேன்.