கல்லறைகளின் நடுவே ஒரு கூக்குரல்



எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்னும் இசையைக் குறித்து நம்மிடையே இரண்டு வாதங்கள் உலவுகின்றன. "இது வெறும் கலை, இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்கிறார்கள் இளையோர். "அந்த இரைச்சலே பிசாசின் சத்தம்" என்கிறார்கள் பெரியோர். இரண்டுமே தவறு என்பதற்கு நார்வே நாட்டின் மேஹெம் என்னும் குழுவின் வரலாறு சாட்சி.

1984-இல் சில பதின்பருவத்தினர் தொடங்கிய குழு அது. கிட்டார் நரம்புகளை இடைவிடாமல் அதிவேகமாய் மீட்டுவதும், மூச்சுவிட இடமின்றி டிரம்ஸ் முழக்குவதும், பாடுவதற்குப் பதிலாக அலறுவதும், வேண்டுமென்றே கரடுமுரடாக ஒலிப்பதிவு செய்வதும் அவர்களுடைய வழக்கம். செவிக்கு இது கடினந்தான். ஆயினும் ஓசை மிகுந்ததால் மட்டும் ஒன்று பாவமாகிவிடாது. சங்கீதக்காரன் கைத்தாளங்களை மெதுவாய்த் தட்டச் சொல்லவில்லையே!

பாவம் வேறிடத்தில் இருந்தது. 1988-இல் சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வே ஓலின் என்னும் இளைஞர் இக்குழுவின் பாடகரானார். மேடைக்காக அவர் சூடிக்கொண்ட பெயர் 'டெட்', அதாவது செத்தவன். பிணத்தைப் போல முகத்தில் சாயம் பூசினார். உடைகளை மண்ணில் புதைத்தெடுத்து அணிந்தார். மேடையிலேயே தம் உடலைக் கீறிக்கொண்டார். கூட்டமோ அதை ஒரு காட்சியாகவே கண்டு களித்தது. 1991 ஏப்ரலில், 22 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குழுவின் தலைவர் ஓய்ஸ்டைன் ஆர்செத் காவல்துறையை அழைக்கும் முன்னே அந்த உடலைப் புகைப்படம் எடுத்தார். அதை அறிந்து கொதித்துப் போய்க் குழுவை விட்டு விலகினார் உடனிருந்த ஒருவர். மனச்சாட்சி அங்கும் பேசியது.

அதன்பின் நடந்தவை உலகறிந்தவை. 1992-இல் பெர்கன் நகரத்தருகே பான்டோப்ட் மர ஆலயம் தீக்கிரையானது. 1993-இல் ஆர்செத் கொலையுண்டார். கொன்றவர், அவரோடு அதே இசைத்தொகுப்பில் வாசித்த வார்க் விக்கெர்னெஸ். ஆலயங்களை எரித்த குற்றங்களும் சேர்ந்து அவருக்கு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1994-இல் வெளிவந்த அத்தொகுப்பில் கொன்றவரும் கொலையுண்டவரும் சேர்ந்தே ஒலிக்கிறார்கள். இதையும் 'வெறும் கலை' என்போமா?

இக்கதையைச் சொல்லும் விசுவாசிகள் எரிந்த ஆலயத்துக்காகவே அதிகம் அங்கலாய்க்கிறார்கள். அந்த ஆலயமோ 1997-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. ஓலின் திரும்பி வரவில்லை.

கதரேனர் நாட்டில் கல்லறைகளில் குடியிருந்த மனிதனை நினைத்துப் பாருங்கள். இரவும் பகலும் அவன் அலறினான். கற்களால் தன்னையே காயப்படுத்தினான். ஊராருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சங்கிலி. ஆண்டவரோ அவனுடைய பெயரைக் கேட்டார். அவன் உடை உடுத்தி, புத்தி தெளிந்து, தன் வீட்டாரிடம் திரும்பிப் போகும்படி செய்தார். ஓலினுக்குக் கைதட்டியவர்கள் கூக்குரலைக் கேளிக்கையாக்கினார்கள். ஹெட்போனைப் பிடுங்கி எறிகிற நாமோ, சங்கிலியைத் தேடிய அந்த ஊரார்தாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எதைக் கேட்கிறான் என்று விசாரிக்குமுன், ஏன் தனித்திருக்கிறான் என்று கேளுங்கள். அவன் கைகளில் காயங்களைக் கண்டால் அதட்டாதீர்கள். சபையில் வெளிப்பட்டுவிடுமோ என்று மறைக்காதீர்கள். ஜெபியுங்கள், மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அது அவிசுவாசம் அன்று. இளையோரே, ஒருவன் தன் வேதனையை மேடையில் விற்கும்போது, அதை வாங்குகிறவன் நிரபராதி அல்லன்.

கல்லறைகளின் நடுவே நின்று பெயரைக் கேட்ட ஆண்டவர், நம் வீடுகளிலுள்ள கூக்குரலைக் கேட்கும் செவிகளை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.