சேவைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு பிளக்தானே?

கோயில் மண்டபத்துல மின்சைக்கிள் பேட்டரியை சார்ஜ் போடுறதைப் பத்திப் பேசினா உடனே வர்ற பதில்: “சேவைக்கு வர்ற பிள்ளைங்க. ஒரு பிளக்தானே, விடுங்க. சாமி பாத்துக்குவார்.”

சாமி பாத்துக்குவார்னு மடப்பள்ளி அடுப்பை எரியவிட்டுட்டு வீட்டுக்குப் போவோமா? பேட்டரிக்கு மட்டும் என்ன சலுகை?

லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தானாகவே சூடாகும். பொதுவா 45 டிகிரிக்கு மேல சூடா இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது. மத்தியான வெயில்ல உணவு டெலிவரி முடிச்சு வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாத்தான் இருக்கும். வந்த வேகத்துல சொருகினா சூட்டுக்கு மேல சூடு.

அடுத்தது இரவல் சார்ஜர். 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டில் நிரம்பிடும். 48 வோல்ட் பேட்டரியோட சார்ஜர் 54.6 வோல்ட் வரை கொடுக்கும். “முனை பொருந்துதே”ன்னு மாத்திச் சொருகினா ஆபத்து. உள்ளே ஒரு செல் தாங்காமப் போனா அந்தச் சூடு அடுத்தடுத்த செல்லுக்குத் தாவும். அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் மறுபடி பத்திக்கும்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் வீவக வீட்டில் மின்ஸ்கூட்டர்கள் எரிஞ்ச தீயில் ஒருவர் உயிரிழந்தார். அது வீடு. நம்ம மண்டபத்துல விசேஷ நாள்ல எத்தனை பேர்? சொருகுற இடமோ வெளியேறும் வழி. பக்கத்துல எண்ணெய் டின்னும் காகிதத் தட்டும்.

“அப்போ தடை போடுங்க”ன்னு சிலர் கிளம்புறாங்க. அதுவும் சரியில்ல. தடை போட்டா மேசைக்கு அடியில ஒளிச்சுச் சொருகுவாங்க. திருவிழா ராத்திரி பாத்திரம் தேய்க்கிறது இந்தப் பிள்ளைங்கதான். மறுநாள் பிழைப்புக்கு அவங்களுக்கு பேட்டரி வேணும். அதனால நிர்வாகம் ஒழுங்கான இடம் கொடுக்கணும்: காத்தோட்டமான இடம், சுவர் பிளக், வெளியேறும் வழியிலிருந்து தள்ளி, ஆள் இருக்கும்போது மட்டும். நீட்டு வயர் வேண்டாம், ராத்திரி முழுக்க சார்ஜ் வேண்டாம்.

தம்பி தங்கச்சிங்களே, பேட்டரி ஆறின பிறகு சொருகுங்க, அதுக்குரிய சார்ஜரோட மட்டும். உப்பியிருந்தா, அடிபட்டிருந்தா தொடவே வேண்டாம். சார்ஜ்ல இருக்கும்போது புகையோ, வாடையோ, சீறுற சத்தமோ வந்தா அதைத் தூக்கிட்டு ஓடாதீங்க. எல்லாரையும் வெளியேத்தி 995க்கு அழைங்க.

பக்தர்களே, அடுத்த நிர்வாகக் கூட்டத்துல எழுந்து கேளுங்க: சார்ஜ் போட இடம் எங்கே, பார்த்துக்கிறது யார்? பதில் வர்ற வரைக்கும் உட்காராதீங்க.

ஓம் சரவணபவ.