ஈவு என்னும் சொல்

1951-இல் வெளிவந்த 'பாதர்ஸ் லிட்டில் டிவிடெண்ட்' என்னும் அமெரிக்க ஹாஸ்யப் படத்தைக் கண்டோர் பலர் சிரித்து மறந்திருப்பர். வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய அப்படத்தின் பெயரே எமக்கு ஒரு வழக்கைத் தொடுத்துவிட்டது. டிவிடெண்ட் என்பது முதலிட்டவனுக்குக் கம்பெனி அளிக்கும் இலாபப் பங்கு. முந்திய ஆண்டின் 'பாதர் ஆப் தி பிரைடு' படத்தில் மகளின் மணத்துக்காகப் பெருஞ்செலவு செய்து நொந்த ஸ்டான்லி பாங்க்ஸ் என்னும் வக்கீலுக்கு, இப்போது பேரன் பிறப்பது இலாபமாம்!

இதிற் பெரியோர் செய்வன யாவும் முதலிட்டோர் செய்கையே. சம்பந்தி வீட்டார் தம் இல்லத்தோடு புதுக்கட்டு ஒன்றை இணைத்து இளையோரைக் குடியேற்ற எண்ணுகின்றனர். பிறவாத பிள்ளையின் பெயருக்கும் வழக்கு நிகழ்கின்றது. கருவுற்ற மகள் கே யாது விரும்புகிறாள் என வினவுவார் அரியர். இயற்கைப் பிரசவத்தை ஆதரிக்கும் வைத்தியரைக் கண்டு அவள் தந்தை மிரளுவதை விரித்துக் காட்டும் படம், அவள் பட்ட நோவை விரைந்து கடப்பது குறையென்றே கூறுவோம்.

குழந்தையோ எவர் கணக்கையும் ஒப்புவதில்லை. ஸ்பென்ஸர் டிரேசி நடிக்கும் தாத்தா தூக்கியவுடன் அலறுகிறது. ஒருநாள் அவர் அதனைத் தள்ளுவண்டியிற் பூங்காவுக்குக் கொண்டு செல்கிறார். ஆங்குச் சிறுவர் ஆடும் பந்தாட்டத்தில் மனம் பறிகொடுத்து வண்டியை மறக்கிறார். (இவ்வியல்பை எம் விடுதியார் நன்கறிவர்.) திரும்பினால் வண்டியுமில்லை, குழந்தையுமில்லை! பதைத்தோடிப் போலீஸ் நிலையம் சேர்ந்தவர், அங்கிருக்கும் பிள்ளை தம் பேரனே எனக் காவலரை நம்பச் செய்யவேண்டியவராகிறார். பத்திரமோ இரசீதோ அவர் கையிலில்லை. அழுதே பழகிய குழந்தை அன்று அவரை நோக்கிச் சிரிக்கிறது, அதுவே சாட்சி.

டிவிடெண்டைத் தமிழில் ஈவு என்பர். 'ஈ' என்னும் பகுதியிற் பிறந்த அச்சொல் கொடையையும் குறிக்கும். படத்தின் பெயர் முதற்பொருளைப் பற்றி நிற்க, கதையோ இரண்டாவதன் வழியே நடக்கின்றது என்பது எம் வாதம். மகனைக் கல்லூரிக்கு அனுப்பிய செலவை அவன் மணநாளில் வட்டியுடன் எண்ணுவோர் நம் நாட்டிலும் உளராதலின், இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று.

முடிவில் ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குத் தாத்தாவின் பெயரே இடப்படுகின்றதே, அஃது இலாபமன்றோ எனின், அன்று என்போம். அப்பெயர் கிடைத்தது, பூங்காவிற் பிள்ளையைத் தொலைத்தவருக்கு!